ஜுனைதீன் நானா சொன்ன அமெரிக்கா

கடந்த சனிக்கிழமை காலை, ரொறன்ரோவுக்கு அருகே மில்லிக்கனில் என் வீட்டு வாசலில் நின்று கார்க் கண்ணாடியில் உறைந்திருந்த பனியைச் சுரண்டிக்கொண்டிருந்தேன். மனைவி தொலைபேசியைக் கையில் எடுத்துக்கொண்டு ஓடிவந்தாள். மறுமுனையில் ஜுனைதீன் நானாவின் மனைவி ரிபாயா.

"தம்பி, அவர் சுபஹுக்கு எழும்பித் தொழுதவர். தொழுதுபோட்டுச் சாய்ஞ்சவர்தான், மௌத்தாயிட்டார்," என்றார். பிறகு அழுகையை விழுங்கிக்கொண்டு, "லுஹர் தொழுகைக்குப் பிறகு அடக்கம். வாசிப்பு வட்ட ஆக்களுக்கும் சொல்லிவிடுங்கோ. அவர் தேடுவார்," என்றார்.

அண்ணன் என்ற பொருளில் நாங்கள் நானா என்று அழைத்த அவரை அறியாதவர்களுக்காகச் சில சொல்ல வேண்டும். யாழ்ப்பாணம் சோனகதெருவில் பிறந்து, பேராதனையில் வரலாறு படித்து, ஊரில் ஆசிரியராக இருந்தவர். தொண்ணூறாம் ஆண்டு ஐப்பசியில் வடக்கிலிருந்த முஸ்லிம்கள் எல்லோரையும் தமிழருக்குத் தனிநாடு கேட்டுப் போராடிய இயக்கம் வெளியேறச் சொன்னபோது, குடும்பத்தோடு புத்தளத்து முகாமுக்குப் போனார். பின்னர் ரொறன்ரோ வந்து, அஜின்கோர்ட்டில் ஒரு பிளாசாவில் மைத்துனரோடு சேர்ந்து இறைச்சிக் கடை நடத்தினார். மாலை வேளைகளில் பல்கலைக்கழகம் போய் முதுமாணிப் படிப்பும் படித்தார். அமெரிக்கக் குடியரசின் தொடக்க காலமே அவர் எடுத்துக்கொண்ட பாடம்.

"ஏன் நானா, எங்கட சரித்திரம் இருக்க அமெரிக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"எங்கட சரித்திரத்தைப் படிச்சா எனக்கு நித்திரை வராது தம்பி. மற்றவன்ர சரித்திரம் எண்டா நித்திரையும் வரும், விளக்கமும் வரும்," என்று சிரித்தார்.

ஆட்டிறைச்சி வாங்கப் போன இடத்தில்தான் எங்கள் பழக்கம் தொடங்கியது. தராசுக்குப் பக்கத்தில் விரித்து வைத்திருந்த தடித்த புத்தகத்தைப் பற்றிக் கேட்டேன். கத்தியை நிறுத்தாமலே சொன்னார்: "லூசியானாவைப் பிரான்ஸ் வித்தது, அமெரிக்கா வாங்கினது. ஒரு கையெழுத்தோட நாடு ரெண்டு மடங்காப் போச்சு. அங்க இருந்த சனத்தை ஆரும் ஒரு வார்த்தை கேட்டவையோ?" உடனேயே, "சின்னத் துண்டாவோ வெட்டுறது?" என்றார்.

மல்வேர்னில் ஒரு மாடிக் கட்டிடத்தின் பார்ட்டி ரூமில் நாங்கள் மாதம் ஒருமுறை வாசிப்பு வட்டம் நடத்திவந்தோம். அவரை அங்கே பேச அழைத்தேன். அந்த முதல் கூட்டங்களை நினைத்தால் இன்றும் மனம் குளிர்கிறது. பதின்மூன்று மாநிலங்களும் மத்திக்கு எவ்வளவு அதிகாரம் கொடுப்பதென்று பிடித்த சண்டையை, பக்கத்து வீட்டு வேலிச் சண்டை போல நானா விவரிப்பார். ஊரில் காலங்காலமாகக் கேட்டுவந்த சமஷ்டி, கூட்டாட்சி என்ற சொல் காதில் விழுந்தால் எங்கள் ஆட்கள் சும்மா இருப்பார்களா? ரோல்ஸைக் கடித்தபடியே ஆளாளுக்கு எழும்பிப் பேசுவார்கள். அச்சகம் நடத்திய நண்பர் சிவபாலன்தான் முன்னணியில். அந்த மாநிலங்களுக்காகத் தானே வழக்குப் பேசுவது போல வாதாடுவார். கூட்டம் கலைந்த பிறகும் கார் தரிப்பிடத்தில் இருவரும் குளிரில் நின்று கதைத்துக்கொண்டிருப்பார்கள்.

தொண்ணூற்று நான்கில் ஒரு நாள் நானா செரோக்கி மக்களைப் பற்றிப் பேசினார். அவர்கள் தங்கள் மொழிக்கு எழுத்து உண்டாக்கினார்கள், பத்திரிகை நடத்தினார்கள், சொந்த அரசியலமைப்பும் எழுதினார்கள். உச்ச நீதிமன்றமே அவர்கள் பக்கம் தீர்ப்புச் சொன்னது. அப்படியிருந்தும் படையினர் வந்து, சாப்பாட்டில் இருந்தவர்களைக்கூட எழுப்பி வீட்டைவிட்டுத் துரத்தினார்கள்.

"புதுசா உண்டாகிற நாடு, தான் ஆர் எண்டு தெரிஞ்சுகொள்ள முதல், ஆர் தன்ர ஆள் இல்லை எண்டு முடிவெடுக்குது. பிழைக்கிறது உதிலதான்," என்று முடித்தார்.

சிவபாலன் எழுந்தார்.

"நானா, நீங்கள் அமெரிக்காவைச் சொல்லேல்லை."

நானா மூக்குக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "அமெரிக்காவையும்தான் சொன்னனான், சிவா."

"அங்க ஊரில சனம் செத்துக்கொண்டிருக்கு. உதைக் கதைக்கிற நேரமில்லை இது."

"நேரம் வந்தாச் சொல்லும். நான் கடையிலதான் நிப்பன்."

சிவபாலன் வெளியேறினார். அவரோடு பலரும் போனார்கள். கடைக்கு வருகிற கூட்டமும் குறைந்தது. அடுத்த மாதம் பார்ட்டி ரூமில் எண்ணி ஐந்து பேர் இருந்தோம். நானா நன்றாக மினுக்கிய சேர்ட்டோடு வந்து, அறை நிறைந்திருப்பது போலவே முழுப்பேச்சையும் பேசினார்.

அடுத்த ஆண்டு ஐப்பசிக் கடைசியில், இராணுவம் நெருங்கிவர யாழ்ப்பாணத்துச் சனம் வீடுகளை விட்டு மழைக்குள் நாவற்குழிப் பாலத்தால் நடந்து தென்மராட்சிக்குப் போகிற செய்தி வந்தது. சிவபாலனின் தாயும் சகோதரியும் அந்தக் கூட்டத்தில் இருந்தார்கள். அவர்களைப் பற்றி ஒரு தகவலும் இல்லை. நான் அவர் வீட்டில் இருந்தபோது கதவு தட்டப்பட்டது. கடை ஏப்ரனோடு நானா நின்றார்.

"அம்மான்ர செய்தி வந்ததோ?"

"இல்லை நானா."

அவர் உள்ளே வந்து, தொலைபேசிக்குப் பக்கத்தில் இருந்தார். மறுநாளும் வந்தார். ரிபாயா கொடுத்துவிட்ட சாப்பாட்டை எங்களோடு பகிர்ந்து உண்டார். பழையதைப் பற்றி அவர் ஒரு சொல்லும் சொல்லவில்லை. சிவபாலன்தான் திடீரெனக் கேட்டார்.

"நானா, தொண்ணூறில வெளிக்கிட உங்களுக்கு எவ்வளவு நேரம் தந்தவை?"

"ரெண்டு மணித்தியாலம்."

"என்னத்தை எடுத்தனீங்கள்?"

"எடுத்ததை வழியில வாங்கிப்போட்டினம். உம்மாவின்ர கையைப் பிடிச்சுக்கொண்டு வந்தன். அதை மட்டும் ஒருத்தரும் பறிக்கேல்லை." பிறகு, "இஞ்ச வந்த நாள் தொடக்கம் உதை என்னட்டக் கேட்ட முதல் ஆள் நீர்தான்," என்றார்.

சிவபாலன் முகத்தைக் கைகளால் மூடிக்கொண்டார். "நான் அண்டைக்கு..."

"விடும் சிவா. அமெரிக்காவைப் பற்றிப் பிறகு சண்டை பிடிப்பம். இப்ப அம்மாவைத் தேடுவம்."

தாயும் சகோதரியும் சாவகச்சேரியில் ஒரு பள்ளிக்கூடத்தில் இருக்கிறார்கள் என்று சில நாட்களில் தகவல் கிடைத்தது. சிவபாலன் முதலில் அழைத்தது இறைச்சிக் கடைக்கு. நானா வாடிக்கையாளர்கள் முன்னிலையில் "அல்ஹம்துலில்லாஹ்" என்று உரத்துச் சொன்னாராம். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்தாராம்.

அதற்குப் பிறகு சிவபாலன் வட்டத்துக்குத் திரும்பி வந்தார். தன் அரசியலை அவர் மாற்றவில்லை. நானா தன் பேச்சை மாற்றவில்லை. கார் தரிப்பிடத்து வாக்குவாதம் மட்டும் பழையபடி நீண்டது. நானாவுக்குப் பட்டம் கிடைத்த நாளில், ரிபாயாவின் வற்புறுத்தலால், அந்தக் கறுப்பு அங்கியோடு கடை வாசலில் நின்று படம் எடுத்தோம். "இறைச்சி வாங்க வாற சனம் நீதவான் எண்டு பயந்து ஓடப்போகுது," என்று கூச்சப்பட்டார். கடைசி இரண்டு ஆண்டுகளாக இதயம் அவருக்குத் தொல்லை கொடுத்துக்கொண்டிருந்தது. அதைப் பற்றி யாரிடமும் அதிகம் பேசமாட்டார்.

அடக்கம் நடந்த மையவாடியில் காற்று பலமாக வீசியது. வட்டத்து ஆட்கள் ஓரமாக ஒதுங்கி நின்றோம். சிவபாலன் மௌலவியிடம் மெதுவாகப் போய், "நாங்களும் மண் போடலாமோ?" என்று கேட்டார். "ஓம், வாங்கோ," என்று அவர் வழிவிட்டார். மண் உறைந்து கட்டி கட்டியாகக் கிடந்தது. சிவபாலன் முழங்காலிட்டு, ஒவ்வொரு கட்டியையும் விரல்களால் நொறுக்கித் துகளாக்கி, பிறகுதான் உள்ளே இட்டார்.

நானா, நீங்கள் பிறந்த மண்ணில் உங்களை வைக்க எங்களால் முடியவில்லை. இந்த மண்ணும் யாரோ ஒருவரிடமிருந்து எடுத்ததுதான் என்று நீங்கள் இப்போது திருத்தியிருப்பீர்கள். தெரியும். ஆனாலும் இங்கிருந்து எழும்பிப் போகச் சொல்லி உங்களிடம் இனி ஒருவரும் வரமாட்டார்கள். ஆறுதலாகப் படுத்திருங்கள்.