முதல் சேம்பிள்

எதிரில் இருப்பவரின் சட்டைக் கையை இரண்டு விரலால் தேய்த்து, துணி எப்படி என்று பார்த்துவிட்டுத்தான் அவர் பேச்சையே தொடங்குவார். வேலம்பாளையத்தில் பனியன் கம்பெனி முதலாளி. கஞ்சி போட்ட வெள்ளைச் சட்டை, தெருமுனை வரை கேட்கிற குரல்.

வெளிநாட்டுக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்க வழிகாட்டுவது என் தொழில். அதே ஊரில், ராயபுரத்தில் இருக்கும் என் அலுவலகத்துக்கு மகளோடு வந்திருந்தார். முன்கூட்டியே விண்ணப்பித்தால் இடம் கிடைக்கும் வாய்ப்பு கொஞ்சம் கூடும். ஆனால் ஒரே ஒரு கல்லூரியைத்தான் அப்படிக் கேட்கலாம். கிடைத்தால் அங்கேயே சேர்ந்தாக வேண்டும். மகள் ஆசைப்பட்டதோ, கேட்பவர்களில் பெரும்பாலோரைத் திருப்பி அனுப்பும் கல்லூரி.

“அது ரொம்பக் கஷ்டம். லிஸ்ட்ல அடுத்ததுக்குப் போட்டா அநேகமா கிடைச்சிரும்,” என்றேன்.

அவர் மகள் பக்கம் திரும்பினார். “உனக்கு எது வேணும் அம்மிணி?”

“மொதல்ல சொன்னதுதாம்ப்பா.”

“அப்பறமென்னுங்க சார்? ஒரு எடத்துக்குத்தான் வாக்குக் குடுக்கோணும்னா, புடிச்ச எடத்துக்கே குடுத்தரலாமுங்க.”

டிசம்பரில் ஒருநாள் லட்டு டப்பாவோடு வந்து நின்றார்.

“கிடைச்சிருச்சா?” என்று எழுந்தேவிட்டேன்.

“இல்லீங்க. வேண்டாம்னுட்டாங்க.”

“அப்புறம் எதுக்கு லட்டு?”

“அத்தாம் பெரிய காலேஜுல எங்கம்மிணி எழுதுனத உக்காந்து படிச்சுப் பாத்துத்தானுங்களே வேண்டாம்னிருக்காங்க! மொதல் சேம்பிள பனியன் வாங்கற எந்த பையருங்க ஓகே பண்ணிருக்கான்? மத்த காலேஜுக்கெல்லாம் அனுப்புங்க.”

இடம் கிடைத்ததற்கு இனிப்பு தந்தவர்கள் எனக்கு நிறையப் பேர். கிடைக்காததற்குத் தந்தவர் இவர் ஒருவர்தான். அவர் டப்பாவை நீட்டியபோது, என்ன தோன்றியதோ, லட்டை எடுக்காமல் அவருடைய சட்டைக் கையை இரண்டு விரலால் தேய்த்துப் பார்த்தேன்.