ரேடியோ அக்காவும் உறுமுகிற லேப்டாப்பும்

வீட்டில் அவளுக்கு ரேடியோ என்று பேர். வாயைத் திறந்தால் மூடமாட்டாள் என்று கணவன் வைத்த பேர். பார்வையற்றோர் நூலகத்துக்குப் பாடப் புத்தகங்களை வாசித்துப் பதிவு செய்து கொடுக்கும் வேலை கிடைத்த பிறகு அதுவே ஊர்ப்பேராகவும் ஆகிவிட்டது. தட்டுமுட்டுச் சாமான் கிடந்த சின்ன அறையைக் காலி செய்து, சுவரெல்லாம் பழைய போர்வையைத் தொங்கவிட்டு, பத்து வருஷமாக அதற்குள்தான் வாசிக்கிறாள். வேண்டாத சத்தம் கேட்டால் அவளுக்குக் குமட்டிக்கொண்டு வரும். அடுத்த அறையில் யாராவது சப்புக்கொட்டிச் சாப்பிட்டால்கூடப் போய் ஒரு சண்டை போட்டுவிட்டுத்தான் வந்து உட்காருவாள்.

அப்படிப்பட்டவளின் லேப்டாப்புக்குத் திங்கட்கிழமை புது ஆபரேட்டிங் சிஸ்டம் வந்து சேர்ந்தது. செவ்வாய்க்கிழமை வாசித்ததைப் போட்டுக் கேட்டால், பஸ் இன்ஜின் மேல் உட்கார்ந்து வாசித்த மாதிரி ஒரே உறுமல். நடுநடுவே ‘டொக்’ என்று வேறு.

சும்மா விட்டுவிடுகிற காரியமா இது? இவள் பதிவுகளைக் கேட்டுத்தான் படிக்கிற ஒரு பெண், ஆஸ்பத்திரியில் டெலிபோன் ஆபரேட்டர்; அவளுக்குச் சனிக்கிழமை பதவி உயர்வுத் தேர்வு. பிறவியிலேயே பார்வை இல்லாதவள். இரண்டு முறை தோற்றாயிற்று. வயது வரம்புப்படி இதுதான் கடைசி வாய்ப்பு. அவளுக்கு வாசித்துக் கொடுக்க இன்னும் நாலு பாடம் பாக்கி.

லேப்டாப் கம்பெனிக்குப் போன் போட்டாள். “ஆஃப் பண்ணி ஆன் பண்ணுங்க மேடம்” என்றான் ஒருவன். ஆறு முறை செய்தாள். கொழுந்தனோ, “புது சிஸ்டம்னா அப்படித்தான் அண்ணி, நாலு நாள்ல பழகிடும்” என்று பல் குத்திக்கொண்டே சொன்னான். அந்தப் பல்குச்சியைப் பார்த்ததும் அவளுக்கு உடம்பெல்லாம் கூசியது. ரிப்பேர் கடைக்காரர் எண்ணெய்க் கையோடு லேப்டாப்பைத் திருப்பப் போனார்.

“கையக் கழுவாம தொடாதீங்க!” என்று பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டாள். ஒரு சத்தத்தை நிறுத்தத் தெரியாத உலகம் என்று வழியெல்லாம் காறித் துப்பாத குறை.

புதன்கிழமை காலை வேறு வழியில்லாமல் ஆபரேட்டரையே கூப்பிட்டு, போனை லேப்டாப் பக்கத்தில் வைத்தாள்.

“அக்கா, அந்த டொக்கு ஒண்ணுமில்ல. புதுசா வந்த அறிவிப்புச் சத்தம். என் கம்ப்யூட்டர்லயும் இருந்துச்சு, செட்டிங்ஸ்ல அணைச்சுட்டேன். ஆனா இந்த உறுமல் இருக்கே, உள்ள ஃபேன் முக்குது. காத்து போக வழியில்ல போல. அடியில பாருங்க.”

லேப்டாப்பைக் கவிழ்த்தாள். காற்றுத் துளைகளின் மேல் பஞ்சு வைத்து, மேலே கறுப்பு டேப் ஒட்டியிருந்தது. மூன்று வருஷத்துக்கு முன் ஃபேனின் மெல்லிய சத்தம்கூட மைக்கில் விழக்கூடாது என்று அவளே ஒட்டியது. பழைய சிஸ்டத்தில் லேப்டாப் அதிகம் சூடாகாததால் எப்படியோ தாக்குப்பிடித்திருக்கிறது. டேப்பை உரித்தாள். பசை உருகிக் கையோடு இழுத்தது. கறுத்த பஞ்சில் அவள் தலைமுடி சிக்கியிருக்க, நடுவில் காய்ந்த கரப்பான் ஒன்று கால்களை மடக்கிக் கிடந்தது.

வாயைப் பொத்திக்கொண்டு குழாயடிக்கு ஓடினாள். சோப்புப் போட்டு நாலு தரம் தேய்த்தும் அந்தப் பிசுபிசுப்பு விரலை விட்டுப் போகவில்லை. நேற்றிலிருந்து எத்தனை பேரைத் திட்டித் தீர்த்தோம் என்று நினைக்க, கரப்பானைவிட அதுதான் அதிகம் குமட்டியது.

திரும்பி வந்தபோது உறுமல் அடங்கியிருந்தது. போனில் ஆபரேட்டர் இன்னும் காத்திருந்தாள்.

“என்னக்கா அடைச்சிருந்துச்சு?”

“தூசிம்மா. வெறும் தூசி.”

அந்தப் பக்கம் சிரித்தாள். “மூணு வருஷத்துக்கு முன்னாடி உங்க பாடத்துல சன்னமா ஒரு காத்துச் சத்தம் இருக்கும்க்கா. பன்னெண்டாவது புத்தகத்துல, நாலாவது பாடத்துக்கு அப்புறம் பட்டுன்னு நின்னுபோச்சு. தூசி ஒரே நாள்ல அடைக்காது.”

ரேடியோ கீழே கிடந்த டேப்பைக் காலால் மேசைக்கு அடியில் தள்ளினாள்.

“சரி விடுங்க” என்றாள் ஆபரேட்டர். “அந்தச் சத்தம் இருந்துட்டுப் போகட்டும். எனக்குப் பாடம்தான் வேணும்.”

ரேடியோ கதவைச் சாத்தினாள். துளைகளைத் திறந்தபடியே விட்டுவிட்டு, பதினேழாம் பாடத்தை எடுத்தாள்.