மூட்டைக்குள் போன டிக்கெட்

பட்டுக்கூட்டு மூட்டைக்கென்று ஒரு வாசனை உண்டு. பச்சைத் தழையும் பழைய எண்ணெயும் ஈரச் சாக்கும் ஒன்றாகப் புழுங்கினால் எப்படி இருக்குமோ அப்படி. நல்ல வாசனை என்று யாரும் சொல்ல மாட்டார்கள். போன வாரம் பென்னாகரம் பஸ்ஸில் யாரோ என் காலடியில் அப்படி ஒரு மூட்டையைத் தள்ளி வைத்தார்கள். நல்லம்பள்ளி தாண்டுவதற்குள் நான் பஸ்ஸில் இல்லை. என் பழைய ரயில்வே ஸ்டேஷனின் கம்பி ஜன்னலுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தேன். பக்கத்தில் அட்டை டிக்கெட் அடுக்கிய மர அலமாரி, எதிரே தேதி குத்தும் மெஷின், வெளியே மழை.

புதிதாகக் கவுண்டருக்கு வந்திருக்கும் தம்பிகள் ரீஃபண்ட் பற்றி என்னிடம் கேட்கிறார்கள். விதிகள் புத்தகத்தில் இருக்கின்றன, படித்துக்கொள்ளட்டும். புத்தகத்தில் இல்லாத ஒன்றை நான் ஒரு ஐப்பசி மழையில் கற்றுக்கொண்டேன். அதைச் சொல்கிறேன்.

அரை மணி

எழுபதுகளின் தொடக்கம். தர்மபுரிக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஸ்டேஷனில் நான் புக்கிங் கிளார்க். மீட்டர் கேஜ் பாதை வந்து அதிகக் காலம் ஆகவில்லை. ரயில் பார்க்கவென்றே மாட்டுவண்டி கட்டிக்கொண்டு வருகிறவர்கள் அப்போதும் இருந்தார்கள். ஸ்டேஷன் மாஸ்டரை எல்லாரும் மாஸ்டர் என்றுதான் கூப்பிடுவார்கள். பிளாட்பாரத்தில் ஒரு வாழைப்பழத் தோல் கிடந்தால் அவருக்குச் சோறு இறங்காது.

வண்டி வராது என்று சொல்கிற வழக்கம் எங்களிடம் கிடையாது. லேட் என்போம். எவ்வளவு லேட் என்று கேட்டால் அரை மணி என்போம். அந்த அரை மணி முடிந்ததும் இன்னொரு அரை மணி. பொய் சொல்கிறோம் என்று நாங்கள் நினைத்ததே இல்லை. ஆறுதல் சொல்வதாகத்தான் நினைத்தோம்.

அன்று பெங்களூர் பாசஞ்சர் விடிந்ததும் வந்திருக்க வேண்டும். தெற்கே கணவாயில் மண் சரிந்து பாதையை மூடிவிட்டது. கண்ட்ரோல் ஆபீஸில் போன் போட்டுக் கேட்டால், "ஆள் போயிருக்காங்க" என்பதற்கு மேல் பேச்சில்லை. நான் ஜன்னலுக்கு வந்தவர்களுக்கெல்லாம் அரை மணி வழங்கிக்கொண்டிருந்தேன்.

எல்லாரும் அதை வாங்கிக்கொண்டு போனார்கள். ஒரு பெண் மட்டும் திரும்பத் திரும்ப வந்தாள். பச்சியம்மாள். முந்தின நாள் மாலையே புருஷன் மாதப்பனோடு வந்து, ஐந்து மூட்டைப் பட்டுக்கூட்டை எடை போட்டு லக்கேஜ் கட்டி, கூடு விற்கும் மண்டி இருக்கும் ராமநகரத்துக்கு இரண்டு டிக்கெட்டும் வாங்கிக்கொண்டு பிளாட்பாரத்திலேயே படுத்தவர்கள். வீட்டில் முதல்முதலாகப் புழு வளர்த்து எடுத்த கூடு அது.

"சார், வண்டி வருமா வராதா?"

"வரும்மா. அரை மணியில வந்துடும்."

"இதயேதான காலையிலிருந்து சொல்றீங்க. கூட்டுக்குள்ள இருக்கிறது பூச்சிங்க. உங்க அரை மணி அதுக்குத் தெரியாது. நாளைக்குப் பொழுது போறதுக்குள்ள மண்டியில சேக்கலீன்னா கூட்டைக் கடிச்சி ஓட்டை போட்டுக்கிட்டு வெளிய வந்துரும். அப்பறம் அதை வெச்சிக்கிட்டு நான் தலகாணிதான் தைக்கணும்."

ஓட்டை விழுந்த கூட்டிலிருந்து நூல் இழுக்க முடியாது என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. அந்தக் கூட்டை நம்பி அவர்கள் ஆடு விற்றிருந்தார்கள், கடன் வாங்கியிருந்தார்கள்.

"ரோட்டுல புளி லாரி ஒண்ணு நிக்குதுங்க. பெங்களூர் போகுது, அங்கிருந்து ராமநகரம் பக்கந்தான். மதியத்துக்குள்ள வந்தா ஏத்திக்கிறேங்கறான், ஆனா பணத்தை மொதல்ல கையில வெக்கணுமாம். எங்க கையில இருந்ததெல்லாம் உங்ககிட்டதான் இருக்குது."

நான் மாஸ்டரைப் பார்த்தேன். அவர் கண்ட்ரோல் போனைக் காதிலிருந்து எடுத்து, "சாயந்திரத்துக்கு முன்னாடி வழி இல்லையாம்ப்பா. குடுத்துடு" என்றார்.

"டிக்கெட்டைக் குடும்மா, லக்கேஜ் சீட்டையும் குடு. பணம் தந்துடறேன்" என்றேன்.

அவள் புருஷனைப் பார்த்தாள். மாதப்பன் தூணைப் பார்த்தார்.

யாருக்கு டிக்கெட்

விஷயம் மெல்ல வெளியே வந்தது. விடியுமுன் பச்சியம்மாள் குழாயடிக்குப் போயிருந்த நேரத்தில், மாதப்பன் டிக்கெட்டுக்கும் லக்கேஜ் சீட்டுக்கும் மஞ்சள் தடவி, குங்குமம் வைத்து, குலசாமியைக் கும்பிட்டு, ஒரு மூட்டைக்குள் கையை விட்டு நடுவில் செருகி, வாயைக் கோணி ஊசியால் தைத்துவிட்டார்.

"ஏங்க, டிக்கெட்டை மூட்டைக்குள்ள வெச்சா செக்கிங் வந்தா எதைக் காட்டுவீங்க?" என்றேன்.

"அது கூட்டுக்கு வாங்குன டிக்கெட்டுங்க" என்றார் நிதானமாக. "போறது கூடு. நாங்க தொணைக்குப் போறோம். சீட்டு அதுங்கிட்டதான இருக்கணும்?"

முப்பது ஆண்டு சர்வீஸ் போட்ட மாஸ்டர் கையிலிருந்த கண்ட்ரோல் போனைக் கொக்கியில் மாட்டிவிட்டு வெளியே வந்தார்.

"எந்த மூட்டை மாமா?" என்றாள் பச்சியம்மாள்.

"இருட்டுல எப்பிடித் தெரியும்? அஞ்சுல ஒண்ணு."

"பிரிங்க."

"பிரிக்கக் கூடாது புள்ள. மண்டிக்குப் போயிதான் வாய் பிரிக்கணும். நடுவழியில பிரிச்சா கண்ணு பட்டுரும். புழு முட்டை குடுத்த ஆளு அத்தினி தடவ சொன்னாரு."

"அவுரு வந்து லாரிக்குப் பணம் குடுப்பாரா?"

"கையெழுத்துப் போட்டுத் தரேங்க" என்று மாதப்பன் என் பக்கம் திரும்பினார். "ரெண்டு கையாலயும் போட்டுத் தரேன்."

டிக்கெட் இல்லாமல் தர முடியாது என்றேன். அது மட்டும் என் கையில் இல்லாத ஒன்று. லாரிக்காரன் ரோட்டிலிருந்து ஹாரன் அடித்தான். பச்சியம்மாள் இடுப்பிலிருந்து தழை அறுக்கும் கத்தியை எடுத்தாள், முதல் மூட்டையின் தையலை ஒரே இழுப்பில் அறுத்தாள்.

உள்ளேயிருந்து ஆவி அடித்தது. அடுப்பிலிருக்கும் பானையின் மூடியைத் தூக்கியது போல. கையை உள்ளே விட்டவள் சட்டென்று வெளியே இழுத்துக்கொண்டாள்.

"என்னாச்சி?" என்றார் மாதப்பன்.

"வெந்துகிட்டு கெடக்குது மாமா. தொட்டுப் பாருங்க."

அமுக்கித் திணித்து இரவெல்லாம் கட்டிப்போட்ட கூடு சூடேறியிருந்தது. மேலாக ஒரு கூட்டில் பட்டாணி அளவு ஓட்டை. அதன் பக்கத்தில் நனைந்த சிறகோடு ஒரு வெள்ளைப் பூச்சி, இன்னும் சிறகை விரிக்கத் தெரியாமல். நாளைக்கு என்று நினைத்தது இன்றைக்கே தொடங்கிவிட்டது. வண்டி நேரத்துக்கு வந்திருந்தால் அந்த ஐந்து மூட்டையும் பிரேக் வேனின் இருட்டில் வாய் மூடிக்கொண்டு ராமநகரம் வரை வெந்தே போயிருக்கும்.

மாஸ்டர் உள்ளே போனார். திட்டுவதற்குப் புத்தகம் எடுத்து வருகிறார் என்று நினைத்தேன். ரெஸ்ட் ரூமிலிருந்து தன்னுடைய புது பெட்ஷீட்டோடு வந்தார். "இதுல கொட்டும்மா. காத்து படட்டும்" என்றார். பிறகு மெதுவாக, "வெளுத்துத் திருப்பித் தரணும்" என்றார்.

வண்டிக்குக் காத்திருந்த கூட்டம் அதுவரை மழையை வெறித்துக்கொண்டிருந்தது. இப்போது அவரவர் துண்டையும் போர்வையையும் விரித்து உட்கார்ந்தது. பிளாட்பாரம் முழுக்கப் ஆலங்கட்டி மழை பெய்து ஓய்ந்த மாதிரி வெள்ளை வெள்ளையாகக் கூடு. ஓட்டை விழுந்தவற்றைப் பொறுக்கித் தனியே போட்டார்கள். எண்ணி ஒரு கை அள்ளுவதற்குமேல் தேறவில்லை. ஓசூருக்குப் பெண் பார்க்கப் புறப்பட்டிருந்த ஒருவர், "எங்க பையனுக்குப் பொண்ணு கெடைக்குதோ இல்லியோ, வேலை கெடைச்சிருச்சி" என்றார். வேட்டி மடிப்புக் கலையாத அந்தப் பையனும் குனிந்து பொறுக்கிக்கொண்டிருந்தான்.

நான்காவது மூட்டையில் லக்கேஜ் சீட்டோடு இரண்டு டிக்கெட்டும் இருந்தன. கொடுத்த என்னாலேயே அடையாளம் காண முடியாதபடி மஞ்சள் பூசி, நடுவில் குங்குமம். மாஸ்டர் அவற்றைக் கைக்குட்டையில் துடைத்து, நம்பரை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்து, கையெழுத்துப் போட்டார். நான் பணத்தை எடுத்து ஜன்னல் வழியே நீட்டினேன். கணக்கு அலுவலகத்துக்கு அனுப்பிய அந்த மஞ்சள் டிக்கெட்டுகளுக்கு விளக்கம் கேட்டு யாரும் எழுதவில்லை. கேட்டிருந்தால் என்ன எழுதியிருப்பேன் என்று இன்றும் யோசிக்கிறேன்.

அந்தக் கூடு நல்ல விலைக்கே போனது. பத்து நாள் கழித்து பெட்ஷீட்டை வெளுத்து மடித்துக் கொண்டுவந்த மாதப்பன் சொன்னார். ஆனால் எனக்கு நினைவில் நிற்பது லாரி புறப்பட்ட அந்த மதியம்தான். மழை விட்டிருந்தது. மூட்டைகளைத் தளர்வாகக் கட்டி, பாதிக் கூட்டைப் போர்வைகளில் பொட்டலமாக்கி, புளி மூட்டைகளுக்கு மேல் ஏற்றியிருந்தோம். மாதப்பன் டிரைவர் பக்கத்தில். பச்சியம்மாள் மேலே, கூட்டுக்குக் காவலாக. நான் ரோடு வரை போயிருந்தேன். ஏதாவது சொல்ல வேண்டுமே என்று, "கவலைப்படாதம்மா, அரை மணியில ஓசூர் ரோட்டைப் புடிச்சிடுவீங்க" என்றேன்.

அவள் மேலேயிருந்து என்னைப் பார்த்துச் சிரித்தாள்.

"சார், இனிமே வண்டி வராதுன்னா வராதுன்னு விடிகாலையிலயே சொல்லிருங்க. நாங்க ஒண்ணும் அழுவ மாட்டோம். வேற வழி பாத்துக்குவோம்."