தேதி போடாத அஞ்சலி

என் பாத்திரக் கடையின் நெற்றியில் ஒரு பெரிய டிவி தொங்குகிறது. ராபர்ட்சன்பேட்டை பஜாருக்கு வருகிறவர்கள் என் எவர்சில்வர் குடத்தைப் பார்க்கிறார்களோ இல்லையோ, அதைப் பார்க்காமல் போவதில்லை. நகைக்கடைத் தள்ளுபடி, நர்சரிப் பள்ளி அட்மிஷன், கல்யாண வாழ்த்து, நடுவில் யாருக்காவது கண்ணீர் அஞ்சலி. ஒன்று போனால் ஒன்று வரும். எனக்கு அதைக் கண்டாலே பற்றிக்கொண்டு வரும். மாட்டியவன் மனோகர் என்பதால் பொறுத்துக்கொண்டிருக்கிறேன்.

மனோகர் ஊரிகத்தில், சுரங்கத் தொழிலாளிகளுக்குக் கட்டிய லைன் வீட்டில் பிறந்தவன். அவன் அப்பா ராஜேந்திரன் மைசூர் மைன்ஸ் தங்கச் சுரங்கத்தில் ஷாஃப்டுக்குள் இறங்கி வேலை பார்த்தவர். சுரங்கத்தை மூடி எத்தனையோ வருஷம் ஆகிவிட்டது. அது கொடுத்ததில் அவரிடம் மிச்சம் இருந்தது நெஞ்சுக்குள் போன தூசி மட்டும்தான். மனோகர், எங்கள் ஊர்ப் பிள்ளைகள் எல்லோரையும் போல, விடியும் முன் ரயிலேறிப் பெங்களூருக்குப் போய் இருட்டிய பிறகு திரும்பிக்கொண்டிருந்தான். ஆஸ்பத்திரி, மால் என்று கண்ட இடத்தில் தொங்குகிற விளம்பரத் திரைகளுக்குப் படம் ஓட்டும் பெட்டியைப் பொருத்துகிற கம்பெனியில் வேலை. கொரோனா வந்தது, கம்பெனி கதவைச் சாத்தியது. ஊருக்கு வந்து கொஞ்ச நாள் ஃபிளெக்ஸ் அடித்துப் பார்த்தான். ஃபிளெக்ஸ் கட்டக் கூடாது என்று கெடுபிடி வந்ததும், பஜார்க் கடைக்காரர்கள் எங்களிடம் வந்து ஒரு திரை வைக்கலாம் என்றான். என் கடை மூலைக்கடை, இடம் என் தலையில் விழுந்தது.

அவன் அதைப் பொருத்திய நாள் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. டிவியை மாட்டியதும் பையிலிருந்து சோப்புப் பெட்டி அளவில் ஒன்றை எடுத்தான். ஒரு ஒயரை டிவிக்கும் ஒரு ஒயரைக் கரண்டுக்கும் கொடுத்தான்.

"இன்னா மனோ, இத்தனூண்டு பெட்டியா அவ்ளோ பெரிய டிவிக்குப் படம் காட்டப் போவுது?" என்றேன்.

"டிவிக்கு ஒண்ணும் தெரியாதுண்ணே. குடுக்கறத காட்டும். மூளை இதுலதான் கீது."

திரையில் ஏதோ எண் வந்தது. அதைத் தன் போனில் அடித்தான், பெட்டியும் போனும் ஒன்றையொன்று தெரிந்துகொண்டன. உடனே படம் ஏற்றுவான் என்று பார்த்தால், ஏணியிலேயே உட்கார்ந்து வெகுநேரம் கடிகாரத்தைச் சரிபண்ணிக்கொண்டிருந்தான். எனக்குக் கோபம் வந்துவிட்டது. கடை வாசலை ஏணி அடைத்துக்கொண்டிருந்தால் வியாபாரம் எப்படி நடக்கும்?

"மொதல்ல இதுக்கு மணி சொல்லிக் குடுக்கணும்ணே. எந்தப் படம் என்னிக்கு ஆரம்பிக்கணும், என்னிக்கு நிக்கணும், எல்லாம் தேதிய வெச்சுதான். மணி தெரியலன்னா இது கண்டதையும் காட்டும்."

"நெட்டு போயிட்டா?"

"போனாலும் ஓடும். எல்லாப் படத்தையும் முன்கூட்டியே உள்ள ஏத்தி வெச்சிடறேன்."

அது அவன் வழக்கம். இது கரண்டும் நெட்டும் மாறி மாறிப் போகிற ஊர். அதனால் அடுத்த மாதத்துக் கல்யாண வாழ்த்துகூட இந்த மாதமே பெட்டிக்குள் போய்ப் படுத்துக்கொள்ளும். தேதி வந்ததும் தானாக எழுந்து வரும்.

எங்கள் பக்கம் நெஞ்சில் தூசி இருக்கிறவர்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. மூச்சு நன்றாக இருக்கும்போதே தங்கள் அஞ்சலிப் படத்தைத் தாங்களே பொறுக்கிக் கொடுத்துவிடுவார்கள். விட்டால், பிள்ளைகள் அந்த நேரத்து அவசரத்தில் ரேஷன் கார்டு மூஞ்சியை எடுத்துப் பெரிசு பண்ணிவிடுவார்கள் என்ற பயம். ராஜேந்திரனும் ஒருநாள் மெல்ல நடந்து என் கடைக்கு வந்து, மகன் கையில் ஒரு பழைய போட்டோவைக் கொடுத்தார். ஷிஃப்ட் முடிந்து கேஜ் என்கிற கம்பிக்கூண்டு லிஃப்டில் மேலே வந்தபோது எடுத்தது. தலையில் விளக்கு வைத்த தொப்பி, முகமெல்லாம் தூசி, வாயெல்லாம் பல்.

"இதப் போடு. தேதி நீ போட்டுக்கோ," என்றார்.

மனோகர் அங்கேயே உட்கார்ந்து படத்தைத் தயார் பண்ணினான். மேலே கண்ணீர் அஞ்சலி, கீழே தோற்றம், மறைவு. மறைவுக்குப் பக்கத்தில் காலி. அதைப் பெட்டிக்குள் ஏற்றிவிட்டு அப்பாவிடம் போனைக் காட்டினான். "பத்து வருஷம் தள்ளி வெச்சிருக்கேம்பா. அதுக்கு முன்னாடி வராது."

"அடப்பாவி, இன்னும் பத்து வருஷம் என்ன இருமச் சொல்றியா?" என்று சிரித்தார். சிரிப்பு இருமலாகி, நான் தண்ணீர் கொடுக்க வேண்டியதாயிற்று. இருமல் நின்றதும் மகனைப் பார்த்து, "கொள்ளி மட்டும் பெரியவன் கையாலதாண்டா," என்றார்.

பெரியவன் என்றால் பிரதாப். பெங்களூரில் வீடு வாங்கிக்கொண்டு, லைன் வீட்டைப் பூட்டிவிட்டு வந்துவிடுங்கள் என்று அப்பாவைக் கூப்பிட்டான். கிழவர் அசையவில்லை. பேச்சு முற்றி, மருமகள் சுமா எதிரிலேயே, "இனிமே நான் செத்தாத்தான் நீ இந்த வாசப்படி மிதிக்கணும்," என்று கத்திவிட்டார். பிரதாபும் அப்பனுக்குப் பிறந்தவன்தானே. அப்பா நம்பர், தம்பி நம்பர் இரண்டையும் போனில் தடுத்துப் போட்டுவிட்டு வருஷக்கணக்கில் எட்டிப் பார்க்கவில்லை. கிழவர் அவன் பெயரைச் சொல்ல மாட்டார். கொள்ளியைப் பற்றி மட்டும் சொல்லுவார். அண்ணனை எப்படியாவது ஒருமுறை வாசலுக்குக் கொண்டுவந்துவிட வேண்டும், அது நடக்காவிட்டால் கொள்ளிக்காவது அவன் வந்துவிட வேண்டும் என்பதே மனோகருக்குக் கவலை.

அண்ணன் வரத்தான் வந்தான். வந்த விதம்தான் யாருக்கும் நடக்கக் கூடாதது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை. கரண்டு போய்ப் போய் வந்தது, நெட் செத்துக் கிடந்தது. அந்தப் பெட்டி ஒவ்வொரு முறை எழும்போதும் நெட்டைக் கேட்டுத்தான் மணி தெரிந்துகொள்ளுமாம். அன்றைக்குச் சொல்ல ஆளில்லை. மணி தெரியாவிட்டால், திரை கறுப்பாக நிற்கக் கூடாதென்று, உள்ளே கிடக்கிற எல்லாப் படத்தையும் தேதி பார்க்காமல் வரிசையாக ஓட்டுமாம். இதெல்லாம் மனோகர் பிற்பாடு சொன்னது. கம்பெனியில் இருந்தபோது அவன் போட்ட இடங்களிலெல்லாம் கரண்டும் நிற்காது, நெட்டும் நிற்காது. இங்கேயும் இரண்டும் ஒன்றாகப் போனது அன்றைக்குத்தான். அதனால் இப்படி ஆகும் என்று அவனே கண்டதில்லை.

திரை என் தலைக்கு மேலே இருக்கிறது. கடைக்குள் உட்கார்ந்தவனுக்குத் தெரு தெரியும், திரை தெரியாது. எதிரில் பூ விற்கிற பாக்கியவதி வந்து நின்றாள்.

"இன்னாண்ணே, கடைய தொறந்து வெச்சிக்கினு குந்திக்கினு கீறீங்க? ராஜேந்திரண்ணன் போயிட்டாரே. மால மேல மால வித்துக்கினு கீறேன்."

முந்தின நாள்தான் என்னோடு டீ குடித்த மனுஷன். வெளியே ஓடி அண்ணாந்து பார்த்தேன். பள்ளி அட்மிஷன் போனதும், தலையில் விளக்கோடு அவர் வந்தார். மறைவுக்குப் பக்கத்தில் காலியாக இருந்தது. அதை யார் பார்க்கிறார்கள்? முகத்தைப் பார்த்து உச்சுக் கொட்டிவிட்டுப் போகிறார்கள். நான் பிளக்கைப் பிடுங்கி எறிந்தேன். பங்காருப்பேட்டையில் வேறொரு திரையைப் பொருத்திக்கொண்டிருந்த மனோகருக்குப் போன் போட்டு, வாயில் வந்ததையெல்லாம் திட்டினேன்.

நாங்கள் இரண்டு பேரும் ஊரிகம் போய்ச் சேர்ந்தபோது வாசலில் கூட்டம். கிழவர் நாற்காலியில் உட்கார்ந்து, வந்த மாலைகளை வாங்கி வாங்கிப் பக்கத்தில் அடுக்கிக்கொண்டிருந்தார். "வெச்சிட்டுப் போங்க, எப்படியும் தேவைப்படும்," என்று ஒவ்வொருவரிடமும் சொல்லிக்கொண்டிருந்தார். எல்லோரும் சிரித்தார்கள். எனக்கும் அப்பாடா என்று இருந்தது. எவனோ திரையைப் படம் பிடித்துப் பெங்களூருக்கு அனுப்பிவிட்டான் என்பது அப்போது எங்களுக்குத் தெரியாது.

மத்தியானத்துக்கு மேல் ஒரு கார் வந்து நின்றது. பிரதாப் கதவைக்கூடச் சாத்தாமல், "அப்பா, அப்பா" என்று அழுதபடி ஓடி வந்தான். பின்னால் சுமா, கையில் பெரிய மாலை. வாசலில் அப்பாவைப் பார்த்ததும் அவன் அப்படியே நின்றுவிட்டான்.

கிழவர் கையிலிருந்த மாலையைக் கீழே வைத்தார். வாடா என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். ஆனால் பூமிக்கு அடியில் பயத்தைச் சிரிப்பால் மூடியே பழகிய வாய் அது.

"நான் இன்னும் சாவலடா. போயிட்டு அப்புறமா வா."

அது அவருடைய கேலி. அவரைத் தெரிந்த எனக்குத் தெரியும். சொல்லும்போதே மகன் உள்ளே போக வழிவிட்டுக் காலை மடக்கிக்கொண்டார். பிரதாப் வாயைத்தான் கேட்டான், காலைப் பார்க்கவில்லை. கூட்டத்தில் யாரோ சிரித்துத் தொலைத்தார்கள்.

அவன் தம்பி பக்கம் திரும்பினான். "இது உன் வேலையாடா? என்ன வரவைக்கறதுக்கு உசுரோட இருக்கற அப்பனுக்கு அஞ்சலி போட்டியா?"

"இல்லண்ணா. பெட்டிக்கு மணி தப்பிடிச்சி, அதனால..."

"மணி தப்பினா மனுஷன் செத்துடுவானா? யார்கிட்ட கத உடற?"

கார் போய்விட்டது. சுமா கையிலிருந்த மாலை வாசற்படியில் கிடந்தது. அதை எடுக்க வந்தவர்களைக் கிழவர் விடவில்லை. மறுநாள் என் கடைக்கு வந்து, உட்கார்ந்திருந்துவிட்டுப் போகும்போது, "சாப்ட்டுப் போடான்னாவது சொல்லியிருக்கணும் துளசி," என்றார்.

மனோகர் அந்தப் படத்தைப் பெட்டியிலிருந்து அழித்துவிட்டான். கரண்டு போனாலும் மணி மறக்காத வேறு பெட்டி வாங்கி வைத்தான். சுமாவின் அண்ணன் மூலமாக அண்ணனுக்கு ஆள் அனுப்பிப் பார்த்தான். சாக்குப்போக்கு வேண்டாம் என்று பதில் வந்தது.

மார்கழிக் குளிரில் ராஜேந்திரன் நிஜமாகவே போய்விட்டார். விடிந்து நான் கடை திறக்கும்போது மனோகர் வாசலில் நின்றுகொண்டிருந்தான். முகத்தைப் பார்த்ததும் எனக்குத் தெரிந்துவிட்டது.

"உங்க போனக் குடுங்கண்ணே. என் நம்பர்லருந்து போவாது."

நானே பிரதாபைக் கூப்பிட்டேன். "நான் பாத்திரக்கடைத் துளசிராமன் பேசறேம்பா. அப்பா தவறிட்டாரு."

"பெரியவரு நீங்களும் இதுல சேந்துட்டீங்களா? ஒருவாட்டி நடுத்தெருவுல அவமானப்பட்டது போதும்ணே," என்றான். வைத்துவிட்டான். மறுபடி கூப்பிட்டேன், எடுக்கவில்லை.

அவன் மட்டுமா? லைனில் பக்கத்துத் தெருக்காரர்களே, "நேர்ல பாத்தியா, பொட்டியில பாத்தியா?" என்று கேட்டார்கள். மனோகர் வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டி, நேரில் வந்து பார்க்கச் சொல்ல வேண்டியிருந்தது. கூட்டம் சேரவே இல்லை.

"திரையில போட்டுடு மனோ," என்றேன்.

"வேணாம்ணே. அது ஒருவாட்டி பொய் சொல்லிடிச்சி. மறுபடி அதுல அப்பா மூஞ்சப் போட்டா, அண்ணன் இன்னும் வீம்புதான் புடிப்பாரு."

அவன் சொல்வது சரி என்றுதான் எனக்கும் பட்டது. பொழுது சாய்கிறவரை எடுக்காமல் வைத்துப் பார்த்தோம். ரோட்டில் கார் சத்தம் கேட்கும்போதெல்லாம் மனோகர் எழுந்து போய்ப் பார்த்துவிட்டு வந்தான். இனி வைத்திருக்கக் கூடாது என்று பெரியவர்கள் சொன்னார்கள். கொள்ளிச் சட்டியை மனோகர் எடுத்தான். சுடுகாடு போகிறவரைக்கும் திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே நடந்தான்.

மறுநாள் எனக்குத்தான் பொறுக்கவில்லை. "அந்த மனுஷன் ஆசையாப் பொறுக்கிக் குடுத்த படம்டா. எல்லாம் முடிஞ்சிபோச்சி, இனிமே எவன் வந்தா இன்னா, வராட்டி இன்னா. போடு," என்று சத்தம் போட்டேன். என் ஸ்டூலில் உட்கார்ந்து போனைத் திறந்தான். பெட்டியில் அழித்த படத்தைப் போனில் தேடிப் பிடித்து, மறைவுக்குப் பக்கத்தில் இருந்த காலி இடத்தில் தேதியை அடித்தான். அடிக்கும்போது அழுதான். படம் மேலே போயிற்று.

அதற்கு அடுத்த நாள் காலையில் பிரதாப் வந்தான். வீட்டுக்குப் போகவில்லை, நேரே என் கடை எதிரில் வந்து நின்று அண்ணாந்து பார்த்துக்கொண்டிருந்தான். தலை சீவவில்லை, தனியாகத்தான் வந்திருந்தான். மனோகர் கடைக்குள்ளிருந்து இறங்கிப் போனான். நானும் பின்னால் போனேன். இரண்டு பேரும் அடித்துக்கொள்வார்களோ என்று பயம்.

"யாருண்ணா சொன்னாங்க?" என்று மனோகர் கேட்டான்.

"நேத்து சாயங்காலம் ஊர் வாட்ஸ்அப் க்ரூப்ல இந்தப் படம் வந்திச்சி." பிரதாப் திரையிலிருந்து கண்ணை எடுக்கவில்லை. "போன வாட்டி வந்த படம் என் போன்லதான் கீது. தெனம் எடுத்துப் பாப்பேன். அதுல மறைவுன்னு போட்டுக் காலியா கீது. இதுல தேதி கீது. அதான் நம்பினேன்."

மனோகர் அண்ணனுக்குப் பக்கத்தில் போய் நின்றான்.

"இவரு போன் பண்ணியும் நான் நம்பல. தேதி போட்டு அன்னிக்கே இதப் போட்டிருந்தா வந்திருப்பேனேடா."

தம்பி அண்ணன் கையைப் பிடித்துக்கொண்டான். அண்ணன் கையை இழுத்துக்கொள்ளவில்லை. தலைக்கு மேலே யாருக்கோ கல்யாண வாழ்த்து ஓடிக்கொண்டிருந்தது.

"அப்பா எப்ப வருவாரு?" என்று பிரதாப் கேட்டான்.

"இது முடிஞ்சி, ஸ்கூலு விளம்பரம் முடிஞ்சதும் வருவாரு."

நான் உள்ளே போய் இரண்டு ஸ்டூல் கொண்டுவந்து போட்டேன். அவர்கள் உட்காரவில்லை. பள்ளி விளம்பரம் முடிந்து, தலையில் விளக்கோடு ராஜேந்திரன் வந்து சிரித்துவிட்டுப் போனார். நகைக்கடைத் தள்ளுபடி வந்தது. இரண்டு பேரும் கையை விடாமல் அங்கேயே நின்றுகொண்டிருந்தார்கள்.