ஐப்பசியில் பார்க்க வேண்டிய நிலம்

ஒட்டன்சத்திரம் சந்தையில் விடுதிக்குக் காய்கறி ஏற்றிக்கொண்டிருந்தபோது ஜீப் ஓட்டுநர் முருகேசன் போனில் அழைத்தார். "அண்ணே, ரெஜினா மேடம் இறந்துட்டாங்க. திண்டுக்கல்ல, மக வீட்டுல. வெள்ளனே நெஞ்சு வலிக்குதுன்னாங்களாம்." தக்காளிக் கூடையைக் கீழே வைத்துவிட்டு அப்படியே நின்றேன். அழுகை வரவில்லை. கோபம்தான் வந்தது. இதையும் அந்தக் கோபத்தோடுதான் எழுதுகிறேன். அவரை அறிந்த நீங்கள் பொறுத்துக்கொள்வீர்கள்.

ரெஜினா நகரமைப்பு அதிகாரி. கொடைக்கானலுக்கு வெளியே, பேத்துப்பாறைக்கு மேலே, வீடுகள் மளமளவென்று பெருகிவரும் புறநகருக்கு நில உபயோகத் திட்டம் ஒன்று போட்டார்கள். அதைச் சரிபார்க்க அமைத்த வட்டாரக் குழுவில் அவர் அரசுத் தரப்பு. சின்னதாக ஒரு விடுதி நடத்தும் நான் வியாபாரிகள் தரப்பு. முதல் நாளே சிரித்தார். "நீங்க கட்டணும்னு வந்தவரு, நான் எங்க கட்டக் கூடாதுன்னு சொல்ல வந்தவ. ஒரே ஜீப்புல போறோம், சண்டை போடாம போவோம்ணே." சண்டை போட்டோம், நிறையவே.

அந்தத் திட்ட வரைபடத்தில் ஒரு பள்ளத்துக்குக் குடியிருப்பு என்று மஞ்சள் அடித்திருந்தார்கள். மழைத் தண்ணீரை உள்ளே வாங்கி வைத்துக்கொண்டு, கோடை முழுக்கக் கீழே பேத்துப்பாறை ஓடைக்குக் கொஞ்சம் கொஞ்சமாக விடுகிற சதுப்பு அது. அதில் மண்ணைக் கொட்டி மனை போட்டால் கீழே பீன்ஸும் பூண்டும் போடுகிறவர்கள் பங்குனியில் குடத்தைத் தூக்கிக்கொண்டு அலைய வேண்டியதுதான்.

எப்படி மஞ்சளானது? நம் ஊர் வழக்கம் உங்களுக்குத் தெரியும். அதிகாரிகள் மலையேறுவது சீசனில்தான். கீழே வெயில் கொளுத்தும், பிள்ளைகளுக்குப் பள்ளி விடுமுறை. திட்டம் போட்டவர்களும் குடும்பத்தோடு வந்தார்கள், படகில் போனார்கள், சாக்லேட் வாங்கினார்கள், இடையில் அரை மணி நேரம் பள்ளத்தையும் எட்டிப் பார்த்தார்கள். மேலே புல் காய்ந்து கிடந்தது. தரிசு என்று எழுதிவிட்டு இறங்கிவிட்டார்கள்.

ரெஜினா எந்த நிலத்தையும் ஐப்பசியில் ஒரு முறை பார்க்காமல் கையெழுத்துப் போடமாட்டார். "வெயில்ல எல்லா நெலமும் நல்ல பிள்ளையாட்டம்தாங்க கெடக்கும். மழையில வந்து பாருங்க, அதோட குணம் தெரியும்" என்பார்.

அப்படியே ஓர் ஐப்பசியில் குழுவையே அழைத்துப் போனார். தூறலும் மூடுபனியுமாக இருந்தது. நாங்கள் எல்லோரும் ஓரத்திலேயே இறங்கிவிட்டோம், அவருடைய மேலதிகாரிக்கு மட்டும் ஜீப்பை விட்டு இறங்க மனமில்லை. "சார், அமுங்கிரும் சார்" என்றார் முருகேசன். "தரிசுதானப்பா, போ" என்றார் அவர். கொஞ்ச தூரத்தில் சக்கரம் முழுதாகப் புதைந்தது. ரெஜினா செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு, சேற்றில் நடந்து போய் ஜீப்பின் கண்ணாடியைத் தட்டினார். "சார், உங்க மஞ்சக் கலரு முழங்கால் வரைக்கும் இருக்கு. எறங்குறீங்களா?" பேத்துப்பாறையிலிருந்து ஆட்கள் வந்து கயிறு கட்டி இழுத்தார்கள். இழுத்தவர்கள் சிரிப்பை அடக்கப் பட்ட பாடு இன்னும் கண்ணில் நிற்கிறது.

பொங்கலுக்குள் அவரைக் கடலோர மாவட்டம் ஒன்றுக்கு மாற்றிவிட்டார்கள். நிர்வாகக் காரணமாம். நான் கொதித்தேன். அவர் சாதாரணமாகச் சொன்னார், "அங்கயும் மழை பெய்யும்ணே." ஆனால் போகும் முன் தன் ஆட்சேபணையை எழுதி வைத்துவிட்டுத்தான் போனார். அதைத் தாண்ட முடியாமல் திட்டம் கிடப்பில் கிடந்தது. ஓய்வு பெற்ற பிறகும் ஒவ்வொரு ஐப்பசியிலும் போன் வரும். நலம் விசாரிப்பதற்கு முன்பே, "பள்ளத்துல தண்ணி நிக்குதாண்ணே?" என்பார்.

அவர் போனதும் எல்லோருக்கும் குளிர் விட்டுப்போய்விட்டது. இரங்கல் கூட்டத்தில் அதே மேலதிகாரி மாலை போட்டு, நேர்மைக்கு மறுபெயர் ரெஜினா என்று உருகினார். நேர்மையை ஏன் ஐயா மாற்றினீர்கள்? அடுத்து மனை விற்கிறவர் எழுந்தார். "நம்ம புது லே-அவுட் மெயின் ரோட்டுக்கு மேடம் பேரையே வைக்கலாம்னு இருக்கோம்." கை தட்டினார்கள். அந்த லே-அவுட் வரப்போவது அதே பள்ளத்தில்தான். என்னால் உட்கார்ந்திருக்க முடியவில்லை.

"அவங்க எந்த எடத்தைக் காப்பாத்துனாங்களோ அதுலயே மண்ணைக் கொட்டி, மேல அவங்க பேரை எழுதுவீங்களா? வெக்கமா இல்ல?"

டீ கொடுத்துக் கூட்டத்தை வெரசாக முடித்தார்கள். திட்டத்தை மறுபடி பார்க்கக் குழு கூடுகிறது, எப்போது தெரியுமா? சித்திரையில், சீசனில்.

அங்கே வீடுகள் வந்தால் ஆள் வரத்து கூடும், என் விடுதிக்கும் நல்லதுதான். இருந்தாலும் வியாபாரிகள் தரப்புக் கையெழுத்து சித்திரையில் கிடைக்காது. அவரிடமிருந்து நான் எடுத்துக்கொண்டது அந்தப் பிடிவாதம் ஒன்றுதான். ரெஜினாவுக்கு அஞ்சலி செலுத்த நினைப்பவர்கள் ஐப்பசியில் வாருங்கள், பள்ளத்துக்குப் போவோம். செருப்பைக் கையில் பிடித்துக்கொள்ளலாம்.