பன்னி மிச்சம்

எனக்குக் கண் மங்கத் தொடங்கியது எந்த வருஷம் என்று சரியாகச் சொல்ல முடியாது. அதை நான் ஒத்துக்கொண்டது எப்போது என்று மட்டும் நன்றாகத் தெரியும். இரண்டுக்கும் நடுவே மூன்று வருஷமாவது இருக்கும். அந்த மூன்று வருஷமும் எல்லாம் தெரிகிற மாதிரியே நடந்துகொண்டேன். ஒருநாள் கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டில் சங்கராபுரம் பஸ் என்று நினைத்துச் சின்னசேலம் பஸ்ஸில் ஏறி உட்கார்ந்துவிட்டேன். கண்டக்டர் வந்து கேட்டபிறகு இறங்கி, வெயிலில் நடந்து திரும்பினேன். வீட்டுக்கு வந்து, இப்போதெல்லாம் பஸ்ஸுக்குப் போர்டு எழுதுகிறவனுக்குக் கையெழுத்தே சரியில்லை என்று திட்டினேன். என் பெண்சாதி என்னை ஒரு பார்வை பார்த்தாள். அந்தப் பார்வையும் எனக்குத் தெரியாத மாதிரி இருந்துவிட்டேன்.

எங்கள் நிலம் கச்சிராயபாளையம் தாண்டி, கல்வராயன் மலை எழும்பத் தொடங்குகிற இடத்தில் இருந்தது. கிணற்றுத் தண்ணீரில் கொஞ்சம் நெல், மீதியெல்லாம் மரவள்ளி. கிழங்கு ஜவ்வரிசி ஆலைக்குப் போகும். மார்கழி பிறந்து கிழங்கு முற்றியதும் மலையிலிருந்து காட்டுப்பன்றிகள் இறங்கிவிடும். ஒரு கூட்டம் வந்துபோனால் ஏர் ஓட்டின மாதிரி கிளறிப் போட்டிருக்கும். தின்றது கொஞ்சம், கடித்துப் போட்டதுதான் அதிகம். பல் பட்ட கிழங்கை ஆலையில் எடுக்க மாட்டார்கள். அதனால் அதை எங்களிடம் வேலை செய்கிறவர்கள் பொறுக்கிக்கொள்ளலாம் என்று நானே சொல்லியிருந்தேன். அதற்குப் 'பன்னி மிச்சம்' என்று பேர். எனக்குப் பன்றி வந்தால் நஷ்டம். அவர்கள் வீட்டில் அன்றைக்கு உலை கொதிக்கும். இதை அப்போது நான் யோசித்துப் பார்த்ததில்லை.

மலையிலிருந்து இறங்கிவந்த ஒரு குடும்பம் எங்களிடம் வேலைக்கு இருந்தது. புருஷன் மாடுகளைப் பார்த்துக்கொள்வான். அவன் மனைவியை நாங்கள் மலைக்காரம்மா என்று கூப்பிடுவோம். பன்றி வந்துபோன விடியலில் அவள்தான் கூடையோடு வருவாள். குளிருக்குக் கறுப்புக் கம்பளியைத் தலையோடு போர்த்தியிருப்பாள். நான் துப்பாக்கியோடு வயல் நடுவிலிருந்த பரண்மேல் உட்கார்ந்திருப்பேன். அவள் வரப்போரம் நின்று பரண் பக்கம் பார்ப்பாள். என் சுருட்டு நெருப்பு தெரிந்தால், "நாந்தாங்க!" என்று குரல் கொடுப்பாள். நான் ஒரு தடவை இருமுவேன். அதற்கப்புறம்தான் வயலுக்குள் கால் வைப்பாள். இதை யாரும் யாருக்கும் சொல்லித் தரவில்லை. துப்பாக்கி இருக்கிற நிலத்தில் அப்படித்தான் நடமாடுவார்கள்.

துப்பாக்கி என் மாமனாருடையது. ஏற்காட்டில் காப்பித் தோட்டம் வைத்திருந்த ஒரு வெள்ளைக்காரர், சுதந்திரம் வந்து ஊருக்குக் கிளம்பும்போது அவருக்குக் கொடுத்துவிட்டுப் போனது. விசையைச் சுற்றி ஒரு இரும்பு வளையம் இருக்கும். அதைக் கீழே தள்ளி மேலே இழுத்தால், சுட்ட தோட்டாவின் காலி உறை மேல்பக்கமாகத் தெறித்து விழும். குழலுக்கு அடியில் இன்னொரு குழாய் உண்டு; அதிலிருந்து அடுத்த தோட்டா தானாக ஏறிக்கொள்ளும். மலையில் நாட்டுத் துப்பாக்கி வைத்திருப்பவர்கள் மருந்தை இடித்து முடிப்பதற்குள் நான் நாலு வெடி வைத்துவிடுவேன். அந்தப் பெருமை எனக்கு நிறையவே இருந்தது.

ஆனால் கண் மங்கிய மூன்றாவது வருஷம் நாலு வெடியும் மண்ணில்தான் போயின. குறி பார்க்கிற முள்ளும் பன்றியும் ஒன்றோடொன்று கலந்து ஒரே மங்கலாகத் தெரிந்தது. பழைய துப்பாக்கி, தேய்ந்துவிட்டது என்றேன். அதற்கு ஒரு தூரக்கண்ணாடி மாட்டினால் எல்லாம் சரியாகிவிடும் என்று முடிவு செய்தேன். சாப்பிடும்போது அதைச் சொன்னேன்.

"கண்ணாடி வேணும்னா மூக்கு மேல மாட்டிக்குங்க. துப்பாக்கி மேல இன்னாத்துக்கு?" என்றாள் என் பெண்சாதி.

எனக்குக் கோபம் வந்துவிட்டது. சோற்றில் கையைக் கழுவிவிட்டு எழுந்தேன். அரை மணி நேரத்தில் பசித்தது. அப்போது எழுந்து வந்து கேட்க மானம் இடம் கொடுக்கவில்லை.

அதன்பிறகு அலைச்சல்தான். துப்பாக்கி வைத்திருக்கிறவன் வாழ்நாளில் பாதி கையெழுத்துக்காகக் காத்திருப்பதில் போய்விடும். இருந்த தோட்டாவும் தீர்ந்திருந்தது; புதிதாக வாங்க அனுமதிக்கு ஒரு மனு. மனு எங்கே இருக்கிறது என்று கேட்க நாலு நடை. அதிகாரி கேம்ப் போயிருப்பார், அல்லது கேம்ப்பிலிருந்து வந்து களைத்துப் போயிருப்பார். எல்லாம் முடிந்து, துப்பாக்கியை உறையில் போட்டுத் தோளில் மாட்டிக்கொண்டு மெட்ராஸ் பஸ் ஏறியபோதே எனக்குப் போதும் போதும் என்றாகிவிட்டது. உளுந்தூர்பேட்டையில் டீ குடிக்க இறங்கும்போதும் தோளை விட்டு அதை இறக்க முடியாது. பார்க்கிறவர்களெல்லாம் என்னைப் போலீஸ் என்று நினைத்து ஒதுங்கினார்கள்.

துப்பாக்கிக் கடையில் ரிப்பேர் பார்க்கிறவர் வயதானவர், மெலிந்த ஆள். துப்பாக்கியைக் கையில் வாங்கி வளையத்தை இரண்டு தடவை இழுத்துப் பார்த்தார்.

"இதுக்கு மேல கண்ணாடி வைக்க முடியாது சார். காலி உறை மேலதான வருது? கண்ணாடியில இடிச்சுக்கினு திரும்ப உள்ளயே வுழுந்துடும். சைடுல வச்சுத் தரேன். கழுத்தைக் கொஞ்சம் சாய்ச்சுப் பார்க்கணும்" என்றார்.

சரி என்றேன். இரண்டு கண்ணாடிகளை எடுத்து வைத்தார். ஒன்று சின்னது, இரண்டரை மடங்கு காட்டும். இன்னொன்று நீளமானது, ஆறு மடங்கு.

"பன்னிக்குச் சின்னதே போதும் சார். பெரிசா காட்டறது கம்மியாத்தான் காட்டும்."

"அது எப்படிங்க?"

"பன்னி தெரியும். பன்னி பக்கத்துல இன்னா இருக்குதுன்னு தெரியாது. விடியற வெளிச்சத்துல மங்கலா வேற இருக்கும்."

இரண்டையும் எடுத்துக்கொண்டு கடை வாசலுக்குப் போனேன். தெருவுக்கு எதிர்ப்பக்கம் ஒரு துணிக்கடை இருந்தது. சின்னக் கண்ணாடியில் அதன் போர்டு கொஞ்சம் தெளிந்தது, படிக்க முடியவில்லை. பெரியதை வைத்துப் பார்த்தேன். ஒவ்வொரு எழுத்தாகப் படித்தேன். கீழே பொடியாக எழுதியிருந்த ஓவியனின் பேரைக்கூடப் படித்தேன். மூன்று வருஷத்துக்குப் பிறகு தூரத்தில் இருக்கும் ஒரு போர்டைப் படிக்கிறேன். கண்ணில் தண்ணீர் வந்துவிட்டது. துண்டால் முகத்தைத் துடைத்துக்கொண்டு உள்ளே போய், "பெரிசையே மாட்டுங்க" என்றேன். அவர் என் கண்ணையே ஒரு நிமிஷம் பார்த்தார். பிறகு வேலையைத் தொடங்கினார்.

தோட்டா அடுத்த தொல்லை. இந்த மாதிரித் துப்பாக்கிக்கு மூக்கு மொட்டையான தோட்டாதான் போட வேண்டும். குழாய்க்குள் தோட்டாக்கள் வரிசையாகப் படுத்திருக்கும்போது, ஒன்றின் மூக்கு அதற்கு முன்னால் இருப்பதன் பின்பக்கத்தில், குத்துப்பட்டால் வெடிக்கிற மருந்துப் பொட்டின்மேல் முட்டிக்கொண்டிருக்கும். மூக்கு கூராக இருந்தால், வெடி அதிர்கிற அதிர்ச்சியில் பொட்டைக் குத்திக் குழாய்க்குள்ளேயே வெடித்துவிடும்.

"மொட்டை இப்ப வரதே இல்ல சார். வெளிநாட்டுச் சரக்கு நின்னுபோச்சு. கூருதான் இருக்குது" என்றார். யாரோ ஒரு காப்பித் தோட்ட முதலாளி ஒற்றைத் தோட்டா ரைஃபிளுக்காக வரவழைத்து, எடுத்துக்கொள்ளாமல் விட்டுப்போன பெட்டி அது. "ஒவ்வொண்ணா மேல இருந்து போட்டுச் சுடுங்க. குழாய்ல மட்டும் போட்டுடாதீங்க, கை போயிடும்."

"அப்புறம் இந்த வளையம் இன்னாத்துக்கு?"

"அழகுக்கு வச்சுக்குங்க" என்று சிரித்தார். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நாலு வெடிப் பெருமை அந்த இடத்திலேயே போய்விட்டது. வேறு கடைகளும் ஏறி இறங்கினேன்; மொட்டை எங்கும் இல்லை. கால் கடுத்துப் போய்த் திரும்பிவந்து, கூர்த் தோட்டாவையே வாங்கிக்கொண்டு ராத்திரி பஸ் ஏறினேன்.

ஊருக்கு வந்து பரண்மேல் உட்கார்ந்து பார்த்தால், பக்கத்தில் வந்த பன்றி கண்ணாடிக்குள் வெறும் மயிராகத் தெரிந்தது. தலை எது, வால் எது என்று பிடிபடவில்லை. இது தூரத்துக்கு ஆன சாமான் என்று தோன்றியது. நிலத்தின் மேற்கு ஓரத்தில், மலை தொடங்குகிற இடத்தில் ஒரு பாறை உண்டு. இனி அங்கேதான் உட்காருவது என்று முடிவு செய்தேன். சுருட்டுப் புகை கண்ணாடியை மறைக்கிறது என்று சுருட்டையும் விட்டேன். பரணிலிருந்து பாறைக்கு மாறிவிட்டதை யாரிடமும் சொல்லத் தோன்றவில்லை. சொல்ல வேண்டிய விஷயம் என்றே நினைக்கவில்லை.

அன்று பனி பலமாக இறங்கியிருந்தது. கிழக்கே லேசாக வெளுக்கும்போது வயலில் செடி முறிகிற சத்தம் கேட்டது. கழுத்தைச் சாய்த்துக் கண்ணாடியில் கண்ணை வைத்தேன். கறுப்பாக ஒன்று தலையை ஆட்டிக்கொண்டு நின்றது. சுட்டேன். மண் தெறித்தது, பன்றிகள் உறுமிக்கொண்டு வடக்கே ஓடின. மறுபடியும் கண்ணாடியில் தேடினேன். வட்டத்துக்குள் செடி, செடி, வெறும் மண். பிறகு கறுப்பாக ஒரு முதுகு. தரையோடு தரையாக மெல்ல நகர்ந்தது. அடிபட்டுத்தான் ஊர்ந்து போகிறது, ஓட முடியவில்லை என்று நினைத்தேன். இவ்வளவு நாள் கழித்து ஒரு பன்றியை அடித்துவிட்டோம் என்று எனக்குச் சந்தோஷம் வந்துவிட்டது.

வளையத்தைக் கீழே தள்ளினேன். காலி உறை தெறித்தது. அவ்வளவுதான், குழாய் காலி. மடியிலிருந்து இன்னொரு தோட்டாவை எடுத்தேன். குளிரில் விரல் விறைத்துப்போயிருந்தது. தோட்டா நழுவிப் பாறையில் விழுந்து உருண்டது. எங்கே உருண்டது என்று எனக்குத் தெரியவில்லை. கையால் பாறையைத் துழாவினேன். அந்தக் கடைக்காரரையும், கூர்த் தோட்டாவையும், மொட்டை வராமல் செய்த சர்க்காரையும் வாய்க்கு வந்தபடி திட்டினேன். ஒருவழியாகக் கையில் அகப்பட்டது. அதைத் துப்பாக்கிக்குள் வைத்தேன். வளையத்தை மூட வேண்டியதுதான் பாக்கி.

"நாந்தாங்க!"

குரல் என்னைப் பார்த்து வரவில்லை. வயல் நடுவே இருந்த பரணைப் பார்த்து வந்தது. "நாந்தாங்க! மிச்சம் பொறுக்க வந்தேங்க!"

நான் இருமவில்லை. துப்பாக்கியைப் பாறைமேல் வைத்தேன். அப்படியே திறந்தபடி விட்டுவிட்டு இறங்கிப் போனேன். வயலுக்குள் அவள் எழுந்து நின்று கம்பளியில் ஒட்டிய மண்ணைத் தட்டிக்கொண்டிருந்தாள். கூடையில் பாதி கிழங்கு இருந்தது.

"பன்னி வுழுந்துச்சுங்களா?" என்று கேட்டாள்.

"இல்ல."

"பரண்ல நெருப்பு தெரிலீங்க. யாரும் இல்ல, பன்னியும் போயிடுச்சுன்னுதான் கொரல் குடுக்காம எறங்கிட்டேங்க. வெடி கேட்டதும் பயந்துகினு படுத்துட்டேங்க. தப்புதாங்க."

அவள் என்னிடம் மன்னிப்புக் கேட்டாள். நான் வரப்பில் உட்கார்ந்துவிட்டேன். உடம்புக்கு முடியலீங்களா என்று கேட்டு, கிணற்றிலிருந்து தண்ணீர் கொண்டுவந்து கொடுத்தாள். குடித்தேன். அந்த வயலில், பன்றி போன வழியிலேயே பின்னால் ஒரு மனுஷி வருவாள் என்று எனக்குத் தெரியும். வரலாம் என்று சொன்னதே நான்தான். மொட்டைத் தோட்டா கிடைத்திருந்தால், அவள் வாயைத் திறப்பதற்குள் இரண்டாவது வெடி போயிருக்கும். எது கிடைக்கவில்லை என்று தெருத்தெருவாக அலைந்தேனோ, அது கிடைக்காததால்தான் அவள் எனக்குத் தண்ணீர் கொடுத்துக்கொண்டிருந்தாள்.

வீட்டில் பெண்சாதியிடம் மட்டும் சொன்னேன். நான் அப்பவே சொன்னேனே என்று அவள் ஒரு வார்த்தை சொல்லவில்லை. அடுப்பை ஊதிக்கொண்டே இருந்தாள். அடுப்பு நன்றாகத்தான் எரிந்துகொண்டிருந்தது.

அடுத்த வாரம் சேலம் போய்க் கண்ணைக் காட்டினேன். புரை விழ ஆரம்பித்திருக்கிறது, தூரப்பார்வையும் குறைவு, இத்தனை நாள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள் என்று கேட்டார் டாக்டர். துப்பாக்கி சுட்டுக்கொண்டிருந்தேன் என்று சொல்ல வெட்கமாக இருந்தது. இப்போதைக்கு என்று ஒரு கண்ணாடி எழுதிக் கொடுத்தார். துப்பாக்கியைச் சர்க்காரிடம் ஒப்படைக்கப் போனால், தோட்டா வாங்க அலைந்ததைவிட அதிகமாக அலையவிட்டார்கள். ஏன் ஒப்படைக்கிறீர்கள் என்று எல்லா மேஜையிலும் கேட்டார்கள். வயதாகிவிட்டது என்று எல்லா மேஜையிலும் சொன்னேன். திரும்பிவரும்போது பஸ் போர்டைப் படித்துத்தான் ஏறினேன்.

அடுத்த மார்கழியில் பன்றிகள் கூட்டம் கூட்டமாக இறங்கின. தகரம் தட்டிப் பார்த்தோம். தட்டுகிறவர்களுக்குக் கை வலித்ததுதான் மிச்சம். ஒரு விடியலில் நான் சும்மா வரப்பில் நின்றுகொண்டிருந்தேன். மலைக்காரம்மா கூடையோடு வந்து, பழக்கம் விடாமல், "நாந்தாங்க!" என்று குரல் கொடுத்தாள். நான் இருமினேன்.

"துப்பாக்கி எங்கீங்க? பன்னி ஜாஸ்தியா வருதுங்களே" என்றாள்.

"வந்துட்டுப் போவுது. உனக்கும் மிச்சம் வேணுமில்ல?"

அவள் வாய்விட்டுச் சிரித்தாள். முன்பல் ஒன்று பாதி உடைந்திருந்தது. என்னிடம் எத்தனையோ வருஷம் வேலை செய்தவள். அதை அன்றைக்குத்தான் பார்த்தேன். ஆறு மடங்கு பெரிதாக அவளை ஒருநாள் பார்த்திருக்கிறேன் என்பதை அவளிடம் நான் கடைசிவரை சொல்லவில்லை.