சீனியில் இரண்டு சொட்டு

முகப்பரு, பொடுகு, சேற்றுப்புண் என்று எதற்குப் போய் நின்றாலும் இப்போது கடைக்காரர்கள் டீ ட்ரீ ஆயிலைத்தான் எடுத்து நீட்டுகிறார்கள். இயற்கையானது, பக்கவிளைவே கிடையாது என்று கூடவே ஒரு பாட்டும் பாடுகிறார்கள். நான் மூக்கைப் பொத்திக்கொண்டு அடுத்த அலமாரிக்கு நகர்ந்துவிடுவேன். எங்கள் வீட்டுக்கு ஒரு காலத்தில் ஜின்னைக் கூட்டி வந்தது அந்த எண்ணெய்தான். அதை விரட்டுகிறோம் என்று வீடெல்லாம் தெளித்ததும் அதே எண்ணெய்தான். இதை விளக்கப் போனால் கடைக்காரர் என்னை ஒரு மாதிரிப் பார்ப்பார் என்பதால் வாயைத் திறப்பதில்லை.

அப்போது நாங்கள் மேலப்பாளையத்தில் இருந்தோம். வாப்பா சபுரில், அதாவது சவூதியில் ஒரு குளிர்பதனக் கிடங்கில் வேலை பார்த்தார். வீட்டில் உம்மா, நான், மூன்று வயதுத் தம்பி, வாப்பாவின் தங்கையான மாமி. உம்மா பீடி சுற்றுவாள். மாமி வாழப்போன வீட்டிலிருந்து திரும்பி வந்தவள். அவளுடைய குழந்தை பால்குடி மறப்பதற்குள் காய்ச்சலில் மௌத்தாகிவிட்டது. பிள்ளை தங்காத கை என்று மாப்பிள்ளை வீட்டார் பெயர் வைத்து, பெட்டியோடு அனுப்பிவிட்டார்கள். இதெல்லாம் பெரியவர்கள் குரலைத் தணித்துப் பேசும்போது என் காதில் விழுந்தவை. அவர்கள் குரலைத் தணித்தால்தான் எனக்குக் காது நன்றாகக் கேட்கும்.

உம்மாவுக்கும் மாமிக்கும் ஆகவே ஆகாது. குழம்பில் புளி ஏறினால் சண்டை, இறங்கினால் சண்டை. ஆனால் தம்பியை மாமி இடுப்பை விட்டு இறக்க மாட்டாள். அவனுக்கும் சோறு ஊட்ட மாமிதான் வேண்டும். உம்மா ஊட்டினால் துப்புவான்.

முன்கூடத்தில் ஒரு தறிக்குழி இருந்தது. எங்களுக்கு முன்னால் அந்த வீட்டில் இருந்தவர்கள் நெசவாளிகள். தறியைக் கழற்றிக்கொண்டு போனவர்கள், காலைத் தொங்கவிட்டு உட்கார்வதற்காக வெட்டியிருந்த குழியை மட்டும் விட்டுப் போனார்கள். வாப்பா அதன்மேல் பலகைகளைப் போட்டு மூடியிருந்தார். பலகையில் நடந்தால் கீழேயிருந்தும் யாரோ நடப்பதுபோல ஒரு சத்தம் வரும். நான் எப்போதும் சுற்றித்தான் போவேன்.

எனக்குத் தலை நிறைய பேன், சொறிந்து சொறிந்து சிரங்கு வேறு. வேப்பெண்ணெய்க்கும் அது மசியவில்லை. வாப்பாவுடன் தங்கியிருந்த யாரோ சொல்லி, ஊருக்கு வந்த ஒருவர் கையில் வாப்பா கொடுத்துவிட்டதுதான் அந்தப் பழுப்பு நிறச் சின்னப் பாட்டில். மூடியைத் திறந்ததும் உம்மா தலையைப் பின்னுக்கு இழுத்தாள்.

"யா அல்லா! மய்யித்து வாசமால்லா அடிக்கி!"

அவள் சொன்னது சரிதான். எங்களில் இறந்தவரைக் குளிப்பாட்டும் கடைசித் தண்ணீரில் கற்பூரம் கலப்பார்கள். அந்த வாசம் வீட்டில் சில நாள் நிற்கும். இதுவும் கிட்டத்தட்ட அதே வாசம், ஆனால் இன்னும் பச்சையாக, இன்னும் கூர்மையாக இருந்தது. வாப்பா தொலைபேசியில் சொன்னபடி தேங்காயெண்ணெயில் கலந்து தலையில் தேய்த்தார்கள். பேன் போயிற்று. சிரங்கும் காய்ந்தது. அதோடு விட்டிருந்தால் நானும் இன்று கடைக்காரரோடு சேர்ந்து பாட்டுப் பாடியிருப்பேன்.

பாட்டிலில் அரபியில் எழுதியிருந்தது. அந்த ஒரே காரணத்துக்காக மாமி அதைத் தரையில் வைக்க விடவில்லை. யாசீன் கிதாபு இருந்த மாடத்தில் கொண்டுபோய் வைத்தாள். எங்கள் வீட்டுப் பெண்கள் எல்லோருக்கும் அரபி எழுத்துக் கூட்டி ஓத வரும், அர்த்தம் மட்டும் வராது. பாட்டிலில் உயிர்க்குறி எதுவும் போட்டிருக்கவில்லை. மாமி தானே குறி போட்டுக்கொண்டு, ராகம் இழுத்து, ஒவ்வொரு தடவை எண்ணெய் எடுக்கும்போதும் அதை ஓதுவாள். "லில் இஸ்திஃமாலில் காரிஜி ஃபகத்." கேட்க அவ்வளவு நன்றாக இருக்கும். எனக்கும் மனப்பாடம் ஆகிவிட்டது. கணக்குப் பரீட்சைக்கு முன்னால் மூன்று முறை ஓதி நெஞ்சில் ஊதிக்கொள்வேன். கல்யாணமாகி ஷார்ஜா போன பிறகுதான், மருந்துக்கடையில் ஒரு களிம்பு டப்பாவைப் பார்த்துக் கேட்டு, அதற்கு அர்த்தம் தெரிந்துகொண்டேன். வெளிப்பூச்சுக்கு மட்டும்.

மாமி அதைப் பித்தவெடிப்பில் பூசினாள், கொசுக்கடியில் பூசினாள். பிறகு எங்கள் பூனைக்குத் தெள்ளுப்பூச்சி பிடித்தபோது, பாவம், வாயில்லா ஜீவன் என்று அதன் பிடரியிலும் முதுகிலும் கலப்பில்லாமல் ஊற்றித் தேய்த்தாள். பூனை உடம்பெல்லாம் நக்கியது.

மறுநாள் அது நடந்து வந்ததைப் பார்த்து முதலில் நான் சிரித்தேன். பின்கால்கள் இரண்டும் வேறு யாருடையதோ மாதிரி பக்கவாட்டில் போயின. சுவரில் சாய்ந்து நின்றது. உடம்பு நடுங்கியது. கண்ணை மட்டும் இமைக்காமல் தறிக்குழிப் பலகையையே பார்த்தது. தொட்டால் ஜில்லென்றிருந்தது. என் சிரிப்பு நின்றுவிட்டது.

"மைனி, அதுக்கு என்னமோ தெரியுது," என்றாள் மாமி. "நம்ம கண்ணுக்குத் தெரியல, அது கண்ணுக்குத் தெரியுது."

"உனக்கு வேற சோலி இல்லயாளா?" என்று உம்மா அதட்டினாள். ஆனால் அவளும் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டதை நான் பார்த்தேன்.

சாயங்காலம் பூனையைக் காணவில்லை. பலகைக்கு அடியில் பிராண்டுகிற சத்தம் கேட்டது. விட்டு விட்டுக் கேட்டது, பிறகு கேட்கவில்லை. மறுநாள் பேய் பிசாசுக்கு ஓதிப்பார்க்கும் லெப்பை வந்து ஓதிவிட்டுப் பலகையைத் தூக்கச் சொன்னார். குழிக்குள் பூனை சுருண்டு கிடந்தது, கண் திறந்தபடியே. கொல்லையில் புதைத்தோம். தம்பியிடம் அது வெளியூர் போயிருக்கிறது என்று சொல்லி வைத்தோம்.

அதற்குப் பிறகு வீடு பழைய வீடாக இல்லை. லெப்பை தண்ணீர் ஓதிக் கொடுத்துவிட்டுப் போனார். மாமிக்கு அது போதவில்லை. நல்ல வாடைக்கு மலக்கு என்கிற வானவர் வருவார், காட்டமான வாடைக்கு ஜின் நிற்காது என்பது அவளுடைய கணக்கு. மூலைக்கு மூலை அந்த எண்ணெயைச் சொட்டினாள், பலகை இடுக்கிலும் விட்டாள். வீடு முழுக்க மய்யித்து வாசம். அசர் தொழுகைக்குப் பிறகு வெயில் சாய்ந்து கூடம் இருட்டத் தொடங்கினால் நான் தெருப்படியில் போய் உட்கார்ந்துகொள்வேன். உள்ளே யாரோ குளித்து முடித்துக் கிடக்கிற மாதிரியே இருக்கும். அல்லா, எவ்வளவு பயந்தேன்!

அந்த வெள்ளிக்கிழமை உம்மா சுற்றின பீடியைக் கொடுத்துவிட்டு இலை வாங்கிவரப் போயிருந்தாள். தம்பிக்குச் சளி, நெஞ்சு கரகரவென்றது. வெளிநாட்டுத் தைலம் எதுவானாலும் எங்கள் தெருவில் ஒரே வைத்தியம்தான். தலைவலிக்கு நெற்றியில், இருமலுக்கு நெஞ்சில், அதற்கும் கேட்கவில்லை என்றால் சீனியில் இரண்டு சொட்டு விட்டு நாக்கில். பாட்டில் மாறும், வைத்தியம் மாறாது. மாமி கரண்டியில் சீனி எடுத்தாள். இரண்டு சொட்டு போதாது என்று நினைத்தாளோ என்னவோ, சீனி நனைந்து கரண்டி நிறைகிறவரை ஊற்றினாள்.

"சளியும் ஓடட்டும், அந்தச் சைத்தானும் ஓடட்டும்," என்றாள். பிறகு தம்பியின் தலையில் கைவைத்து, பாட்டிலில் இருந்ததை ராகமாக ஓதி, கரண்டியை அவன் வாயில் வைத்தாள். லில் இஸ்திஃமாலில் காரிஜி ஃபகத். நானும் கூடவே ஓதினேன். அவன் முகத்தைச் சுளித்தான். கற்கண்டு கொடுத்துச் சமாதானம் செய்தாள்.

கொஞ்ச நேரம் ஒன்றும் இல்லை. ஜும்ஆ நேரம். தெருவில் ஓர் ஆண்பிள்ளை கிடையாது, எல்லோரும் பள்ளிவாசலில். ஒலிபெருக்கியில் குத்பா பிரசங்கம் கேட்டது. வெயிலில் தெரு வெறிச்சென்று கிடந்தது. தம்பி பாயிலிருந்து எழுந்தான். காலை அகட்டி, ஒரு பக்கமாகச் சாய்ந்து, சுவரைப் பிடித்து நடந்தான். பூனை நடந்த அதே நடை.

மாமி கையிலிருந்த முறம் கீழே விழுந்தது.

அவன் நேராகத் தறிக்குழிக்குப் போனான். பலகைமேல் குப்புறப் படுத்து, இடுக்கில் கண்ணை வைத்தான். "வா, வா" என்றான், பூனையைக் கூப்பிடுகிற குரலில். கேட்டுக்கொண்டிருந்தவன் எதற்கோ சிரித்தான். மறுபடி "வா" என்றான். பிறகு தலை தொங்கிப் பலகையில் இடித்தது. நான் தூக்கப் போனேன். கை ஜில்லென்றிருந்தது. கண் பாதி திறந்திருந்தது, என்னைப் பார்க்கவில்லை.

மாமி போட்ட சத்தத்தில் பக்கத்து வீட்டுப் பெண்கள் ஓடி வந்தார்கள். ஆளுக்கொரு சூரா ஓதினார்கள். யாரும் குழியருகே வரவில்லை. அந்த நேரம் பார்த்து உம்மா வந்தாள். இலைக்கட்டைப் போட்டுவிட்டுத் தம்பியை வாரி எடுத்து அவன் வாயருகே முகத்தைக் கொண்டுபோனாள். முத்தம் கொடுக்கிறாள் என்று நினைத்தேன். நிமிர்ந்து மாமியை ஒரு பார்வை பார்த்தாள்.

"மைனி, லெப்பைய வரச் சொல்லுங்க, பிள்ளைய அது பிடிச்சிட்டு மைனி!"

"லெப்பை தொழுதுட்டுப் பைய வரட்டும். நீ என்கூட வா."

தெருமுனையில் ஆட்டோ நின்றிருந்தது, ஓட்டுகிறவர் பள்ளிவாசலில் இருந்தார். உம்மா வெறுங்காலோடு, முக்காடு நழுவியதுகூடத் தெரியாமல், பெண்கள் போகாத பள்ளிவாசல் வாசலில் போய் நின்று, குத்பாவுக்கு மேலே குரல் கொடுத்தாள். "பிள்ள சாவுதே! ஆட்டோக்காரர் யாராவது வாங்களேன்!" ஒருவர் தொப்பியோடு எழுந்து ஓடி வந்தார். பாளையங்கோட்டை ஆஸ்பத்திரி வரை தம்பி கண் திறக்கவில்லை. மாமி வழியெல்லாம் அதையே ஓதிக்கொண்டு வந்தாள். சத்தியமாகச் சொல்கிறேன், அதையேதான்.

டாக்டர் குனிந்து தம்பியின் மூச்சை முகர்ந்தார்.

"பிள்ளைக்கு என்ன குடுத்தீங்க?"

"ஓதுன தண்ணிதான்," என்று ஆரம்பித்தாள் மாமி. டாக்டர் முகத்தைப் பார்த்தாள், தன் கையைப் பார்த்தாள். சுவரைப் பிடித்துக்கொண்டாள்.

"நாந்தான் டாக்டர்," என்றாள் உம்மா. "சபுர்லருந்து வந்த தைலம். சளிக்குன்னு சீனில விட்டு நாந்தான் குடுத்தேன்."

நான் வாயைத் திறந்தேன். உம்மா வேறு பக்கம் பார்த்துக்கொண்டே என் கையில் கிள்ளினாள். சதை பிய்ந்துவிடும்போல இருந்தது. டாக்டர் அத்தனை பேர் முன்னால் அவளைத் திட்டினார். பெற்றவள்தானா நீ என்று கேட்டார். இன்னும் கொஞ்சம் உள்ளே போயிருந்தால் பிள்ளையை உயிரோடு தூக்கிப் போயிருக்க மாட்டாய் என்றார். புளிக்குச் சண்டை போடுகிற உம்மா, தலையைக் குனிந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டாள்.

தம்பி மறுநாள் கண் விழித்து இட்லி கேட்டான். வீட்டுக்கு வந்ததும் உம்மா அந்த எண்ணெயைச் சாக்கடையில் கவிழ்த்தாள். பாட்டில் உடைந்துவிட்டதாக வாப்பாவிடம் சொன்னாள். விசாரிக்க வந்த தெருப் பெண்களிடம், "அது பிள்ளமேல கை வச்சிப் பாத்துச்சி, ஓதுன ஓதலுக்கு நிக்க முடியாமப் போயிட்டு," என்றாள். அவள் வாயாலேயே கேட்ட பிறகு, குழிக்குள் ஜின் இருந்ததா என்று எனக்கு இருந்த கொஞ்சநஞ்சச் சந்தேகமும் போய்விட்டது. தெருப்பிள்ளைகள் எங்கள் வீட்டுக்கு விளையாட வருவதை நிறுத்தினார்கள். நான் குழியைச் சுற்றிப் போவதுகூட இல்லை. கொல்லை வழியாகவே வீட்டுக்குள் வந்து போனேன்.

மாமி தம்பியைத் தொடவில்லை. அவன் கையை நீட்டிக்கொண்டு ஓடினால் தன் இரண்டு கையையும் முந்தானைக்குள் சுருட்டிக்கொள்வாள். சோறு இறங்கவில்லை. ஒரு காலையில் அவளுடைய பெட்டி அடுக்களை வாசலில் கட்டி வைத்திருந்தது. எங்கே போவாள் என்று அவளுக்கே தெரிந்திருக்காது.

உம்மா பெட்டியைக் காலால் ஓரம் தள்ளினாள். தம்பியைக் கொண்டுவந்து மாமி மடியில் உட்கார வைத்து, கஞ்சிக் கிண்ணத்தையும் பக்கத்தில் வைத்தாள்.

"பிடிளா. உங்க அண்ணன் மவனுக்கு நான் ஊட்டிக்கிட்டு இருந்தா பீடிய யாரு சுத்துவா?"

"வேண்டாம் மைனி. என் கை..."

"கைக்கு என்ன? அஞ்சு வெரலும் இருக்குல்லா. ஊட்டு."

உம்மா முதுகைக் காட்டி உட்கார்ந்து இலை வெட்டத் தொடங்கினாள். ஒரு தடவைகூடத் திரும்பிப் பார்க்கவில்லை. மாமி அழுதுகொண்டே ஊட்டினாள். தம்பி வாயைத் திறந்து திறந்து வாங்கினான். எனக்கு வந்த ஆத்திரத்துக்கு அளவே இல்லை. பக்கத்தில் போய் நின்று ஒவ்வொரு கரண்டியையும் முகர்ந்து பார்த்தேன். எந்தக் கை அவனைச் சாகக் கொடுக்கப் பார்த்ததோ அதே கையில் பிள்ளையைக் கொடுத்துவிட்டு, ஒன்றுமே நடக்காததுபோல உட்கார்ந்து இலை வெட்டுகிறாளே! குழியிலிருந்து போனது வெளியே எங்கேயும் போகவில்லை, உம்மாவைத்தான் பிடித்திருக்கிறது என்று அன்றைக்கு நான் நிச்சயமாக நம்பினேன்.